ஆடிக்கு முன் ஒரு பட்டமளிப்பு

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாரதா எழுதுவது. நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நம் ஊர் கோபியில் இருந்த காலத்திலிருந்தே அடுத்தவரை அழ வைத்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற ஆள் நீங்கள்.

ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள். சித்தப்பா முதல் சித்தப்பாவின் சம்பந்தி வரை கருத்துச் சொல்வார்கள். தபாலை யாரும் ஃபார்வர்ட் பண்ண முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் எங்கள் புது வீட்டு கிரகப்பிரவேசத்தன்று பிரீத்திக்குப் பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழ் கொடுத்தோம். தாய்மாமன் கையால் வாங்கட்டும் என்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "எந்தங்கச்சி ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரும் அவதானுங்க, டீச்சரும் அவதானுங்க, பெல் அடிக்கறதும் அவதானுங்க. ஃபர்ஸ்ட் ரேங்க் யாருன்னு நான் வேற சொல்லோணுமா?" வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிரீத்தியும் சிரித்தாள். நான் பாயசம் கிளறப் போய்விட்டேன். அதற்குப் பிறகு உங்களோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கவும் இல்லை.

அன்று மைக் என் கையில் இல்லை. இன்று பேனா இருக்கிறது. பிரீத்தி நான்கு வருடமாக வீட்டில் படிக்கிறாள், உண்மைதான். ஆனால் இரண்டு வருடமாக இங்குள்ள கம்யூனிட்டி காலேஜிலும் படிக்கிறாள். பள்ளி மாணவியாக இருந்துகொண்டே கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து, கல்லூரித் தேர்வு எழுதி, பின்னால் பட்டப் படிப்பில் கழித்துக்கொள்கிற கல்லூரி கிரெடிட் வாங்குகிறாள். கால்குலஸ், இயற்பியல், அமெரிக்க வரலாறு. நான் என் மகளுக்குப் போடுகிற மார்க்கை யாரும் நம்ப வேண்டாம், அண்ணா. அதற்காகத்தான் அவளை வெளி ஆட்கள் முன்னால் உட்கார வைத்தேன். அந்த இயற்பியல் புரொபசருக்கு நான் யாரென்றே தெரியாது. அவர் ஏ போட்டிருக்கிறார்.

அவள் படிக்க விரும்புவது ஆர்க்கிடெக்சர். ஐந்து வருடப் படிப்பு. இவ்வளவு கிரெடிட்டோடு போகிறவள் மூன்று வருடத்தில் முடித்துவிடுவாள். உங்கள் பையன் இனியன் நான்காம் வருடம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது இவள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் மனம் வைத்திருப்பது உங்கள் நியூஜெர்சியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். வேறு எதைக் காட்டினாலும் தோளைக் குலுக்குகிறாள். நவம்பரில் நேரில் பார்க்க வர வேண்டும். ஓட்டலில் அறை போட்டுவிடலாம் என்றேன். "மாமா வீடு இருக்கறப்போ ஓட்டல்ல தங்கினா மச்சான் என்ன நெனப்பாரு?" என்கிறார் சாய்ராம். என் கணவருக்கு உங்கள்மேல் எப்போதும் மரியாதை கொஞ்சம் அதிகம். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியை, ஆசிரியை மற்றும் பெல் அடிப்பவள்,
சாரதா


பிளெய்ன்ஸ்பரோ, நியூஜெர்சி
20 செப்டம்பர் 2025

அன்பு அம்மிணிக்கு,

மணியன் எழுதுவது. உன் கடிதம் வந்து கொஞ்ச நாள் ஆகிவிட்டது. எங்கள் அப்பார்ட்மென்ட் தபால் பெட்டியில் பீட்சா கூப்பனைத் தவிர எதுவும் வராது என்பதால் நான் அதைத் திறப்பதே இல்லை. தாமரை திறந்து, எனக்கு முன்னால் படித்துவிட்டாள். அன்றிலிருந்து உன் அண்ணி எனக்குக் கொடுக்கிற காபியில் சர்க்கரை இல்லை. உனக்கு எழுதிவிட்டேன் என்று காட்டினால்தான் பழைய காபி வரும் போலிருக்கிறது.

நான் சொன்னது தமாஷ். தமாஷுக்குச் சிரிக்கத்தான் செய்வார்கள். நீ பாயசம் கிளறப் போனதைப் பார்த்தேன். பாயசத்தைக் கிளறத்தான் போகிறாய் என்று நினைத்தேன். போச்சாது, விடு.

நிற்க. எனக்குக் கவலையே இல்லை என்று நினைக்காதே. வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காகிதத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி என்றுதான் கண் போகும். அங்கே 'அம்மா' என்று எழுதியிருந்தால் என்ன நினைப்பார்கள்? இனியனைப் பார். கல்லூரித் தரத்தில் பதினொன்று ஏபி பாடங்கள், ஞாயிற்றுக்கிழமை எடிசனில் எஸ்ஏடி நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங், பள்ளியில் வழிகாட்ட அவனுக்கென்று ஒரு கவுன்சிலர். அந்த அம்மாள் இன்னும் அவனை 'ஐயான்' என்றுதான் கூப்பிடுகிறாள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. ஆபீசில் என் பக்கத்து அறைக்காரர் அச்சுதன். அவர் உறவில் ஒரு பையன் உன் மகளைப் போலவே கல்லூரி கிரெடிட் நிறைய வைத்திருந்தானாம். "நீ முதலாண்டு மாணவன் இல்லை, வேறு கல்லூரியிலிருந்து வருகிற டிரான்ஸ்ஃபர் மாணவன்" என்று அவனை வேறு வரிசையில் நிறுத்திவிட்டார்களாம். அந்த வரிசையில் இடம் மிகக் குறைவு. உனக்கு இது தெரியுமா? விசாரித்தாயா? நாலு பாடம் எச்சாப் படித்ததே வினையாகிவிடக் கூடாது.

பாப்பா வரட்டும். ஓட்டல் என்ற வார்த்தையை இனி எனக்கு எழுதாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

மணியன்


ஃப்ரிஸ்கோ
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

சர்க்கரை வந்ததா?

விசாரித்தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தங்கை விசாரிக்காமல் விட்டது அவளுடைய கல்யாணம் ஒன்றுதான். அதுவும் நன்றாகவே அமைந்துவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். விதி தெளிவாக இருக்கிறது: பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு முன்னால் வாங்கிய கல்லூரி கிரெடிட் எத்தனை இருந்தாலும் அவள் முதலாண்டு மாணவிதான். பள்ளியை முடித்த பிறகு கல்லூரியில் போய் உட்கார்ந்தால்தான் டிரான்ஸ்ஃபர். அச்சுதன் சாரின் உறவுக்காரப் பையன் பள்ளி முடித்துவிட்டு ஒரு பருவம் எங்காவது படித்திருப்பான். கேட்டுப் பாருங்கள்.

விஜயதசமி அன்றே விண்ணப்பத்தை அனுப்பியாகிவிட்டது. நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் அந்த நாளைப் பார்த்தேன். கல்லூரி மதிப்பெண்கள், இயற்பியல் புரொபசரின் சிபாரிசு, நான் தயாரித்த பள்ளி மதிப்பெண் பட்டியல், எல்லாம் போய்விட்டது. கிரகப்பிரவேசத்தில் கொடுத்த அந்தச் சான்றிதழின் நகலையும் சேர்த்து வைத்தேன். அவர்கள் கேட்கவில்லை. தங்கக் கரை போட்டு அவ்வளவு அழகாக அச்சடித்ததை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்க மனம் வரவில்லை.

வரைபடங்களும் அனுப்ப வேண்டும். என்ன வரைந்திருக்கிறாள் தெரியுமா? செருப்பு. கிரகப்பிரவேசத்துக்கு வந்த கூட்டம் எங்கள் வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு, போகும்போது குனிந்து குனிந்து தேடியதே, அதைப் பார்த்து ஒரு வாசல் வரைந்திருக்கிறாள். இந்த ஊர் வீடுகளில் கதவைத் திறந்தால் நேரே கார்ப்பெட். செருப்பைக் கழற்ற, ஒரு நிமிடம் உட்கார, குழந்தைக்கு ஷூ மாட்டிவிட என்று ஒரு இடமும் கிடையாது. "பீப்பிள் லைக் அஸ் நீட் எ பிளேஸ் டு டேக் ஆஃப் ஷூஸ், மா" என்றாள். இத்தனை வருடம் அமெரிக்காவில் இருக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

பிரீத்தியை நவம்பர் முதல் வாரம் அனுப்புகிறேன். குளிருக்கு எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள், எல்லாம் இருக்கிறது. காலையில் பால் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். காபி பழகிவிடப் போகிறது.

சாரதா


பிளெய்ன்ஸ்பரோ
9 நவம்பர் 2025

அன்பு அம்மிணி,

பாப்பா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். குளிருக்கு ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தது தாமரை. என்னைத் திட்டாதே.

இதைப் போனில் சொல்லத்தான் இரண்டு முறை எடுத்தேன். நீ "சொல்லுங்கண்ணா" என்றதும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் போக பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினோம். வழி முழுக்க வரைந்துகொண்டே வந்தாள். எங்கள் அப்பார்ட்மென்ட் வராந்தாவில் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் செருப்பு கிடக்கிறதல்லவா, அதற்கு மேனேஜர் மாதாமாதம் எச்சரிக்கை ஒட்டுவான். அந்த எச்சரிக்கையையும் சேர்த்து வரைந்திருக்கிறாள். "மாமா, ஹி இஸ் நாட் ராங். தி டோர் இஸ் ராங்" என்றாள். தப்பு மேனேஜர் மேல் இல்லையாம், கதவு மேல்தானாம். எனக்கு நெம்பப் பெருமையாக இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த வெள்ளைக்காரரிடம் என் தங்கை மகள் என்று சொன்னேன்.

அங்கே ஆர்க்கிடெக்சர் கட்டடத்தில் ஒரு அம்மாள் கம்ப்யூட்டரில் இவள் பெயரைத் தட்டினாள். தட்டிவிட்டு, "நீ டிரான்ஸ்ஃபர் பிரிவில் இருக்கிறாய்" என்றாள். இல்லை, முதலாண்டு என்று நான் வாதாடினேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பள்ளி முடித்த தேதி ஜூலை 13, 2025. இந்த வருடக் கல்லூரி வகுப்பு தொடங்கியது ஆகஸ்ட். பள்ளி முடித்த பிறகு கல்லூரியில் படிக்கிறாள், ஆகவே டிரான்ஸ்ஃபர். அவர்களுடைய ஆர்க்கிடெக்சரில் டிரான்ஸ்ஃபர் என்றால், படிக்கிற யாராவது பாதியில் விலகினால்தான் இடம். சென்ற வருடம் யாரும் விலகவில்லையாம்.

புரிகிறதா? நீ சொன்ன அதே விதிதான். நாமே அவளுக்குப் பள்ளி முடித்துவைத்து அனுப்பிவிட்டோம். அந்தத் தேதி உன் தங்கக்கரைச் சான்றிதழில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என் கையாலேயே கொடுத்தேன்.

திரும்பி வரும்போது அவள் எதுவும் வரையவில்லை. "டோன்ட் டெல் அம்மா யெட், மாமா" என்றாள். சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நிற்க. இதற்கு வழி சுலபம். பள்ளி உன்னுடையது. தலைமை ஆசிரியை நீ. அடுத்த மே மாதத் தேதி போட்டு வேறொரு சான்றிதழ் அச்சடித்து அனுப்பு. பழையதில் அச்சுப் பிழை என்று ஒரு வரி எழுது. பழையதைக் கிழித்துப் போடு. யாருக்குத் தெரியப் போகிறது? தாமதிக்காதே. முதலாண்டு விண்ணப்பத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

மணியன்


ஃப்ரிஸ்கோ
14 நவம்பர் 2025

அண்ணா,

அச்சுப் பிழையா?

அந்தத் தேதியை யார் குறித்தது? பிரீத்தியின் படிப்பு அடுத்த மே மாதம்தான் முடிகிறது, அப்போதுதான் சான்றிதழ் என்று நான் சொன்னேன். போனில் நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "கிரகப்பிரவேசத்துலயே குடுத்துரு அம்மிணி. அடுத்த வருசம் இனியன் கிராஜுவேஷன் வேலையில நான் வர முடியாது. ஆனி மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை, அருமையான நாளு. ஆடி பொறந்துட்டா எதையும் தொட முடியாது. ஒரே செலவுல ரெண்டு விசேஷம்." கோபியிலிருந்து வரவழைத்த நாள்காட்டியைப் பிளெய்ன்ஸ்பரோ சமையலறையில் மாட்டிக்கொண்டு, டெக்சாஸில் இருக்கிறவளுக்கு நாள் குறித்தவர் நீங்கள். நானும் மண்டையை ஆட்டினேன். சான்றிதழில் விசுவாவசு ஆண்டு ஆனி 29 என்று மேலே, ஆங்கிலத் தேதி கீழே. இந்தத் தவற்றை நம் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவில்லை. இரண்டு வருடமாக அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்லூரி வாசலில் காத்துக் கிடந்ததெல்லாம் ஒரு தேதியில் போய்விட்டதா என்று அழுகையாக வந்தது. அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு இடம்தான். அதற்கான வழியையும் நானே என் பிரிண்டரால் அடைத்துவிட்டேன்.

பொய்யாக இன்னொன்று அச்சடிக்க மாட்டேன் என்றேன். பிரீத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, தி நியூ ஒன் வோன்ட் பி எ லை. ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம் எ பார்ட்டி, நாட் ஃப்ரம் ஸ்கூல்" என்றாள். புதியது பொய்யாகாதாம், அவள் முடித்தது விழாவைத்தானாம், பள்ளியை இல்லையாம். அவள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. நான் வகுத்த பாடத்தில் இந்த வருட ஆங்கிலம் பாதியில் இருக்கிறது. அரசாங்கம் எப்படி நடக்கிறது என்கிற பாடம் போன மாதம்தான் தொடங்கினோம். ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் அவளைச் சேர்த்தபோது, 'இவள் இன்னும் பள்ளி மாணவி' என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு காகிதத்திலும் என் கையெழுத்து. ஒன்று பொய். பொய் எது என்றால், தங்கக் கரை போட்டது.

ஆகவே கிழிக்கப் போவதில்லை, மறைக்கப் போவதும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறோம். பிரீத்தி ஒரு கடிதம் எழுதிவிட்டாள். நான் ஒன்று எழுதினேன். கம்யூனிட்டி காலேஜிலிருந்தும் ஒரு கடிதம் வாங்கியாயிற்று. மூன்றும் இந்தப் பிள்ளை பள்ளி மாணவிதான் என்று சொல்லும். ஆனால் படிப்பு முடியாத பிள்ளைக்கு ஏன் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று கேட்பார்களே, அதற்குப் பதில் எங்களிடம் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது. நாள் குறித்தவர் எழுத வேண்டும். பெயர், பதவி, கையெழுத்தோடு.

முடியுமா, முடியாதா என்று மட்டும் சொல்லுங்கள்.

சாரதா


பிளெய்ன்ஸ்பரோ
22 நவம்பர் 2025

அம்மிணி,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஆபீசில் என் கீழே அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு, 'டைரக்டர்' என்று கீழே போட்டு, ஆடி மாதம் ஆகாது என்று எழுதச் சொல்கிறாய். நாளைக்கு அது எங்காவது சுற்றி வந்தால் நான் எந்த முகத்தோடு மீட்டிங்கில் உட்காருவேன்?

இதைத் தாமரையிடம் கத்திச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "நம்பி நாள் பாக்கறதுக்கு வெக்கமில்ல, அத எழுதறதுக்கு மட்டும் என்ன வெக்கமுங்க?" என்றாள்.

இனியன் பக்கத்தில் இருந்தான். அவன் கவுன்சிலர் அம்மாள் இன்னும் சிபாரிசுக் கடிதம் எழுதவில்லை; அவளிடம் நானூறு பிள்ளைகளாம். பையன் என்னிடம் சொன்னான்: "அப்பா, அத்தைஸ் ஸ்கூல் ஹேஸ் ஒன் ஸ்டூடண்ட் அண்ட் எவ்ரிபடி இஸ் ரைட்டிங் லெட்டர்ஸ் ஃபார் ஹர்." ஒரே ஒரு மாணவி, அவளுக்காக ஊரே கடிதம் எழுதுகிறதாம். பொறாமையா கிண்டலா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

எழுதிவிட்டேன், அம்மிணி. ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: 'நான் இந்த மாணவியின் தாய்மாமன். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்கு எந்தச் சடங்கும் நடக்காது. நான் வர வசதியான நாளுக்காகவும், அதற்கடுத்து வரும் மாதத்தில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்ற எங்கள் நம்பிக்கைக்காகவும், படிப்பு முடியும் முன்னரே விழாவை வைக்கச் சொன்னது நான். அவளுடைய அம்மா அடுத்த மே மாதம் என்றே சொன்னார். நான் நல்ல நாளைப் பார்த்தேன். அவர் படிப்பைப் பார்த்தார். அந்தத் தேதி குடும்ப விழாவின் தேதி. பள்ளி முடிந்த தேதி அல்ல. இந்தப் பெண்ணோடு ஒரு நாள் முழுக்க உங்கள் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தேன். அவள் எதையும் முடிக்காமல் முடித்தேன் என்று சொல்கிறவள் இல்லை. அது எங்கள் தலைமுறையின் அவசரம்.'

அதோடு நாள்காட்டியில் ஆனி, ஆடித் தாள்களைப் படமெடுத்துச் சேர்த்தேன். தபாலில் போட மனம் வரவில்லை. லீவு போட்டு ரயிலில் போய், அதே அம்மாளின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அவள் நாள்காட்டிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். எமகண்டம் என்றால் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம்பினாளா தெரியாது.

இனி அவர்கள் கையில்.

மணியன்


ஃப்ரிஸ்கோ
25 மார்ச் 2026

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு,

போனில் கத்தியதையே மறுபடி எழுதுகிறேன். காகிதத்திலும் இருக்கட்டும். பிரீத்திக்கு இடம் கிடைத்துவிட்டது! முதலாண்டு மாணவியாக! ஆர்க்கிடெக்சரில்!

நீங்கள் நாள்காட்டிப் படம் கொடுத்த அந்த அம்மாள் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். வீட்டில் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்ணை எடைபோடுவது அவர்களுக்கு எப்போதும் சிரமமாம். பிரீத்தி விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லையாம். அம்மா சொன்னதையே கல்லூரி ஆசிரியர்களும் சொல்லியிருக்கிறார்களாம். கடைசியில், 'தேதிக்கான விளக்கங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன், ஒரு மாதத்தையே குற்றம் சொன்னது இதுதான் முதல்' என்று எழுதியிருந்தாள். பள்ளி நிஜமாக முடிந்த பிறகு, நிஜமான தேதியோடு சான்றிதழ் அனுப்ப வேண்டும். அதுதான் நிபந்தனை.

இன்னொரு செய்தியும் உண்டு. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் முடிப்பாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? முடியாது. கிரெடிட் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள், கணக்கு, ஆங்கிலம், வரலாறு எதையும் அவள் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் வரைந்து பழகுகிற ஸ்டுடியோ ஐந்து வருடம்தான், யாருக்கும் குறையாது. எனக்கு முகம் தொங்கிவிட்டது. பிரீத்திக்கு ஒரே சந்தோஷம். மற்றவர்கள் கணக்கு வகுப்புக்கு ஓடுகிற நேரத்தில் இவள் ஸ்டுடியோவில் உட்காரலாமாம், கட்டுமானப் பொறியியலும் சேர்த்துப் படிக்கலாமாம். "அம்மா, ஒய் ஆர் யூ ஆல்வேஸ் ட்ரையிங் டு ஃபினிஷ் மீ?" என்றாள். எப்போது பார்த்தாலும் ஏன் என்னை முடித்து அனுப்பப் பார்க்கிறாய் என்று அர்த்தம். உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அழைப்பு: கம்யூனிட்டி காலேஜில் அவளுடைய கடைசித் தேர்வு மே 8, வெள்ளிக்கிழமை. என் பாடங்களும் அன்றோடு முடிகின்றன. மறுநாள் மே 9, காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் பட்டமளிப்பு. உங்கள் சமையலறை நாள்காட்டியில் நீங்கள் பார்ப்பதற்குள் நானே சொல்கிறேன்: சனிக்கிழமை, தேய்பிறை அஷ்டமி. மாற்றுவதாக இல்லை. அவள் முடிக்கிற நாள்தான் நாள்.

தாய்மாமன் இல்லாமல் நடக்காது என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வராமல் இருந்தால் நன்றாக இருக்காது.

சாரதா


பிளெய்ன்ஸ்பரோ
11 ஏப்ரல் 2026

அன்பு அம்மிணி,

பார்த்தேன். சனிக்கிழமை, அஷ்டமி. நீ சொல்லாமல் விட்டது ஒன்று: நீ விழா வைத்திருக்கிற காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். இதைவிட மோசமான நேரத்தைத் தேடிப்பிடிக்க வேண்டுமென்றால் தனியாக ஜோசியம் படிக்க வேண்டும்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். நானும் தாமரையும் வெள்ளிக்கிழமையே வருகிறோம். இனியனும் வருகிறான். அவனுக்கு உங்கள் டெக்சாஸில்தான் இடம் கிடைத்திருக்கிறது, உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். இனி நான்கு வருடம் என் பையன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வருவான், உன் பெண் என் வீட்டுக்கு வருவாள். நாம் சண்டை போட்டால் பிள்ளைகள் பட்டினிதான். யோசித்துக்கொள்.

பாப்பா படுக்க அந்த ஜன்னல் பக்க அறையை ஒழித்துவிட்டோம். வாசலில் செருப்பு வைக்க அவள் வரைந்து அனுப்பியபடி ஒரு பலகை அடித்தேன். மேனேஜர் வந்து பார்த்தான். எதிர் வீட்டுக்காரனுக்கும் ஒன்று அடித்துத் தர முடியுமா என்று கேட்கிறான்.

நிற்க. அன்றைக்கு மைக்கை என்னிடம் கொடுக்காதே. நான் பேசப் போவதில்லை. உன் பள்ளியில் தலைமை ஆசிரியை வேலையும் ஆசிரியை வேலையும் நன்றாகவே நடந்திருக்கின்றன, அதில் தலையிட எனக்குத் தகுதி கிடையாது. ஒரே ஒரு வேலையை மட்டும் அன்றைக்கு எனக்குக் கொடு. எடிசன் கடையில் ஒரு பித்தளை மணி வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளை சான்றிதழை வாங்கியதும் பள்ளி விட்டாயிற்று என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? பெல்லை நான் அடிக்கிறேன், அம்மிணி. பெயரிலேயே மணி இருக்கிறவன் நான்.

உன் அண்ணன்,
மணியன்